அடிவரைக்கும் வளையும் தூண்டில்

1

போன வாரம் யூசுப் ஒரு படம் அனுப்பியிருந்தான். கிழக்குத் தாம்பரத்தில் அவன் வீட்டு மொட்டைமாடி. மாடியை ஒட்டி ஒரு மாமரம். அவன் மனைவி ஷமீமா கையில் நீளமாக ஒரு கறுப்புக் கம்பு. கம்பின் நுனியில் இரும்புக் கொக்கியும் ஒரு பழைய வலைப்பையும் கட்டியிருக்கிறது. பைக்குள் ஒரு மாங்காய். படத்துக்குக் கீழே மூன்றே சொல்: "மாங்கா பறிக்க சூப்பர்."

அந்தக் கம்பு நான் இங்கிலாந்திலிருந்து சுமந்து போய்க் கொடுத்தது. கெண்டை மீன் பிடிப்பதற்கென்றே செய்த பன்னிரண்டு அடி தூண்டில் ராடு.

என் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு மீன்பிடிப் பைத்தியம். அவரிடம் படத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அப்புறம் அன்று முழுவதும் எனக்கு யாருடனும் பேசப் பிடிக்கவில்லை. ஏன் என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரன். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊர் நகராட்சியில் குப்பை வண்டிகள் எந்தத் தெருவுக்கு எப்போது போகவேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பது என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் 'லாஜிஸ்டிக்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா, அம்மா போனபிறகு வீட்டை விற்றாயிற்று. அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள். தாம்பரத்தில் எனக்கென்று மிச்சம் இருப்பது யூசுப் ஒருவன்தான். பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டதால் சொந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். விசாவே தேவைப்படாமல் செய்யும் ஓசிஐ அட்டைக்கான விண்ணப்பம் பாதி நிரப்பி வருடக்கணக்காகக் கிடக்கிறது, என் சோம்பல்தான். விசா படிவத்தில் இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். அக்கா இருந்தும் ஒவ்வொரு முறையும் யூசுப்பின் பெயரைத்தான் எழுதுகிறேன். இந்தியாவில் என்னைத் தெரிந்த ஒரே ஆள், அரசாங்கக் கணக்குப்படியும் அவன்தான்.

கேம்ப் ரோடு பக்கம் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வேலை கிடைக்காமல் நான் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அந்தக் கடையில்தான் என் வாசம். கம்ப்ரஸரைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்காமல் நான்கு மாடி ஏறுவான். ஸ்பானர் பையை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் எனக்குத்தான் மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு மாடம்பாக்கம் ஏரிக்குக் கிளம்பிவிடுவோம். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, கடலைப் புண்ணாக்கையும் மைதாவையும் பிசைந்த உருண்டை. மீன் சிக்கியது குறைவு. பேச்சுதான் அதிகம். எனக்கு இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று அவன் கேட்டுக் கேட்டு, நான் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த ஊருக்கே வந்து சேர்ந்தேன்.

3

வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பே "யாருக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்புவான். அது அன்பு என்று அவனே நினைத்துக்கொள்வான். பதில்கள் வர வர எக்செல்லில் ஏற்றுவான். சென்ட், வைட்டமின் மாத்திரை, பிரஷர் பார்க்கும் மெஷின். அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் குரல் வந்தாலும் அவன் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: என்ன பொருள், எத்தனை.

யூசுப் இருபது வருடத்தில் ஒருமுறைகூட எதுவும் கேட்டதில்லை. "நீ வந்தா போதும்டா" என்பான். போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் முதல்முறையாக அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஆறு நிமிடம். பஸ்ஸில் இருந்தேன். எனக்கு எல்லா வாய்ஸ் நோட்டையும் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் பழக்கம். நேரம் மிச்சமாகிறதாம்.

"மச்சான் குமாரு, எப்படி கீற? இந்த தபா வரும்போது எனக்கு ஒரு தூண்டி ராடு வாங்கினு வா. கெண்டைக்கு போடற ராடு. உங்க ஊர்ல நல்லா கெடைக்கும்னு யூட்யூப்ல பாத்தேன்."

நாற்பது நொடி கேட்டிருப்பேன். நிறுத்திவிட்டேன். பொருள் தெரிந்துவிட்டது. 'யூசுப் - தூண்டில் ராடு - 1' என்று ஏற்றிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

4

இங்கே கெண்டை பிடிப்பது ஒரு மதம். ராடு வீச லைசென்ஸ் வேண்டும். குளத்தில் உட்காரக் கட்டணம். மணிக்கணக்காகக் காத்திருந்து பத்துக் கிலோ மீனைப் பிடிப்பார்கள். மெத்தை மாதிரி ஒன்றை விரித்து அதில் படுக்கவைத்து, எடை பார்த்து, கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, தூண்டில் முள் குத்திய இடத்தில் மருந்து தடவி, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். குழம்பு வைக்கலாமே என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் பட்ட அவமானம் தனிக்கதை.

தூண்டில் கடைக்காரர் எழுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். ராடு வேண்டும் என்றதும் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ டாக்டர் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"யாருக்கு?"

"ஊரில் இருக்கும் நண்பனுக்கு."

"எந்த மாதிரி தண்ணீர்? எவ்வளவு தூரம் வீசுவார்?"

மூங்கில் கம்பில் நாங்கள் வீசிய தூரம் கரையிலிருந்து முப்பது அடிகூட இருக்காது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மிகப்பெரிய ஏரி. ரொம்ப தூரம் வீசுவான்" என்றேன்.

"மீன் எவ்வளவு பெரிதாக வரும்?"

"ராட்சச கட்லா எல்லாம் வரும்."

"ஆள் எப்படி? கையில் பலம் உண்டா?"

இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறும் யூசுப் கண்முன் வந்தான். "மாடு மாதிரி" என்றேன்.

அவர் உள்ளே போய்ப் பன்னிரண்டு அடி ராடு ஒன்றை எடுத்துவந்தார். நுனியைப் பிடித்து வளைத்துக் காட்டினார். நுனியில் கொஞ்சம் வளைந்தது. மற்றபடி இரும்புக்கம்பி மாதிரி விறைப்பாக நின்றது. தொலைதூரம் வீசுவதற்கு இப்படித்தான் விறைப்பாக இருக்கவேண்டுமாம். "ஆனால் மீன் கரைக்கு அருகில் வந்து திமிறும்போது இந்த ராடு விட்டுக்கொடுக்காது. கைதான் விட்டுக்கொடுக்கவேண்டும். கையில் பலமோ பக்குவமோ இல்லையென்றால் மீனின் உதடு கிழிந்து முள் கழன்றுவிடும். நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாமே?" என்றார்.

போன் என் கையில்தான் இருந்தது. தாம்பரத்தில் அப்போது சாயங்காலம். ஒரு நிமிட வேலை. "தேவையில்லை, அவனை எனக்கு நன்றாகத் தெரியும்" என்றேன். நன்றாக விறைப்பாக இருந்ததில் எனக்குத் திருப்தி வேறு. நம் வீடுகளில் பீரோ வாங்கினாலும் முட்டியால் தட்டிப்பார்த்து கெட்டியாக இருப்பதைத்தானே எடுப்போம்?

கடைக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சொன்ன ஆளுக்குச் சரியான ராடுதான் கொடுத்தார். அந்த ஆளைத்தான் நான் இருபத்திரண்டு வருடம் முன்பே பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

5

சென்னை விமான நிலையத்தில் நீளமான குழாயைப் பார்த்ததும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"என்ன சார் இது?"

"தூண்டில் சார்."

"அங்கேர்ந்து தூண்டிலா? மெட்ராஸ்ல கிடைக்காதா?"

"ஃப்ரெண்டுக்கு சார். தேங்க்யூ சார்."

எதற்கு அந்த தேங்க்யூ என்று எனக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

யூசுப்பின் வீட்டில் இருபத்தைந்து நிமிடம் இருந்தேன். மாலையில் கோயம்புத்தூர் ரயில், அதற்குமுன் கோவளத்தில் ஒரு அலுவலக நண்பரின் வீட்டில் சாப்பாடு. வாசலில் காரை அணைக்கச் சொல்லவில்லை. யூசுப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. மெதுவாகப் பேசினான். வயதாகிவிட்டது இவனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஷமீமா டீயோடு, மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் வாங்கி வைத்திருந்தாள். "உங்களுக்கு இந்தத் தண்ணி ஒத்துக்காதுல்ல அண்ணா" என்றாள். அந்த வீட்டுக் குடத்துத் தண்ணீரை எத்தனை வருடம் குடித்தவன் நான். ஆனால் பாட்டிலைத்தான் திறந்தேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் இருபது நிமிடம் நான் பேசினேன். இங்கே குளிர், வரி, பெண்ணின் காலேஜ். ராடைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டேன். யூசுப் அதை வளைக்கப் பார்த்தான், வளையவில்லை. "பெரிய ராடா கீதுடா" என்றான். அப்புறம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பரிசு வாங்கிய சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ராடை இடது கையில் பிடித்திருக்கிறான். வலது கை மடியில், ஒரு துண்டுக்குக் கீழே. படத்தை எடுத்தவன் நான். அது என் கண்ணில் படவில்லை.

6

என் பெண் அனுவுக்குப் பதினேழு வயது. அவளுக்குத் தமிழ் என்றால் சமையலறைத் தமிழ். 'போதும்', 'வேண்டாம்', 'சும்மா இரு'. சின்ன வயதில் மழலையாகப் பேசிக்கொண்டிருந்ததுகூடப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் உதிர்ந்துவிட்டது. பிடித்துவைக்க நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. இப்போது என்னிடம் பேசுவதே வைஃபை நின்றுபோனால்தான்.

போன மாசி மாதம் என் போனை மாற்றவேண்டியிருந்தது. பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றித் தர அனு உட்கார்ந்தாள். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் யூசுப்பின் குரல் கேட்டது. அவள் நடுவிலிருந்து, சாதாரண வேகத்தில் போட்டிருக்கிறாள்.

குழறியது. ஒவ்வொரு வார்த்தையும் நாக்கில் இடறி இடறி வந்தது. இரண்டு மடங்கு வேகத்தில் அது எனக்குச் சாதாரணப் பேச்சாகக் கேட்டிருக்கிறது.

"அப்பா, ஹூ இஸ் திஸ்?" என்று அனு எட்டிப்பார்த்தாள். "ஒய் இஸ் ஹி க்ரையிங்?"

ஒரு வார்த்தை புரியாத பெண்ணுக்கு அவன் அழுவது தெரிந்துவிட்டது. ஈரக்கையோடு போய் போனை வாங்கி முதலிலிருந்து போட்டேன்.

"...இன்னா விஷயம்னா, ஒரு மாசம் முன்னால எனக்கு வலது பக்கம் இழுத்துகிச்சுடா. கடையிலயே வுழுந்துட்டேன். ஆஸ்பத்திரில ஒன்பது நாளு. இப்போ பரவால்ல, நடக்கறேன். ஆனா கையில புடிப்பு இல்ல. டம்ளர்கூட நிக்க மாட்டேங்குது. ஸ்க்ரூ டிரைவர் புடிக்க முடியலன்னா நான் இன்னா மெக்கானிக்கு, சொல்லு. பிசியோகாரரு சொல்றாரு, உனக்கு புடிச்ச வேல எதுனா கையால செஞ்சுகினே இரு, கை வரும்ன்றாரு. எனக்கு புடிச்சது இன்னா, ஏரில போயி குந்திகினு தூண்டி போடறதுதான். இங்க இருக்கற ராடு வெறப்பா கீது. மீனு இழுத்தா கையி தாங்கல. அதான், சின்னதா, வெயிட்டே இல்லாம, அடிவரைக்கும் வளையுற ராடா பாரு. மீனு திமிர்ற திமிர ராடே வாங்கிக்கணும், கையிக்கு வரக்கூடாது. புரியலன்னா போன் பண்ணு, சொல்றேன். எப்ப வேணா பண்ணு, வூட்லதான் கீறேன். நீ பண்ணா நல்லா இருக்கும். வூட்ல யாருகிட்டயும் சொல்லல, உன்கிட்ட சொல்றேன். பயமா கீதுடா, குமாரு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பின்னால் எங்கோ பிரஷர் குக்கர் விசில். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

வாட்ஸப்பில் வாய்ஸ் நோட்டைத் தொட்டாலே, அனுப்பியவன் போனில் அந்த மைக் படம் நீலமாகிவிடும், கேட்டாயிற்று என்று அர்த்தம். நான் நாற்பது நொடி கேட்டதும் அவன் போனில் நீலம். அப்படியென்றால் ஒரு வருடத்துக்கு மேலாக யூசுப் என்ன நினைத்துக்கொண்டிருப்பான்? இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு போன்கூடப் பண்ணாமல், வீட்டுக்கு வந்து கையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல், மாடு மாதிரி ஆளுக்கு வாங்கும் ராடைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனேன் என்றுதானே?

7

அப்போதும் நான் போன் பண்ணவில்லை. ஒரு வருடம் கழித்து என்னவென்று ஆரம்பிப்பது? நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், சரியான ராடோடு போகலாம் என்று தீர்மானித்தேன். பொருளைக் கொடுத்துச் சரிக்கட்டும் புத்தி என்னைவிட்டு எங்கே போகும்?

அதே கடை, அதே பெரியவர், அதே கேள்விகள். இந்த முறை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கரைக்கு அருகில்தான். மூன்று, நான்கு கிலோவுக்கு மேல் மீன் வராது. வலது கையில் பிடிமானம் குறைவு.

"இது வேறு நண்பரா?" என்று கேட்டார்.

"அதே நண்பன்தான்" என்றேன். அவர் உள்ளே போனார்.

ஒன்பது அடி ராடு ஒன்றைக் கொண்டுவந்தார். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. நுனியில் நூலைக் கட்டி என்னை இழுக்கச் சொன்னார். நான் இழுக்க இழுக்க நுனி, நடு, அடி என்று மொத்த ராடும் வில் மாதிரி வளைந்து கொடுத்தது. பிறகு ராடை என் கையில் கொடுத்துவிட்டு அவர் நூலை வெடுக்கென்று இழுத்தார். உள்ளங்கையில் ஒரு சின்ன அசைவுதான் தெரிந்தது. மீதியை ராடு வாங்கிக்கொண்டது. விறைப்பான ராடில் தூரம் கிடைக்கும், இதில் தூரம் கிடைக்காது, ஆனால் அருகில் வந்த மீன் கைவிட்டுப் போகாது என்றார். இரண்டில் எது உசத்தி என்று கேட்டேன். "ஆளைப் பொறுத்தது" என்றார்.

8

இந்தச் சித்திரையில் போனேன். வேறு எங்கும் போகாமல் நேராக யூசுப் வீட்டுக்கு. காரை அனுப்பிவிட்டேன்.

"மாடில இருக்கார் அண்ணா, போங்க" என்றாள் ஷமீமா. "உங்க ராடோடதான் இருக்கார்."

மாடியில் மாமரத்து நிழலில் யூசுப் நின்றுகொண்டிருந்தான். வலது கையில் அந்தப் பன்னிரண்டு அடி ராடு. கையை நீட்டி, ராடைத் தரைக்குச் சமமாகப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தான். கை நடுங்கியது. முப்பத்தொன்றில் இறக்கினான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாடா! பாத்தியா, முப்பது தாண்டிட்டேன். நீ குடுத்த அன்னிக்கி ரெண்டு எண்றதுக்குள்ள கீழ போட்டுட்டேன். டெய்லி காலைல எந்திரிச்சு இதான் வேல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே சொன்னான்.

"மொதல்ல எனக்கு கோவம்தான்டா. நான் அடிவரைக்கும் வளையுற ராடு கேட்டா இவன் இன்னா கடப்பாறைய வாங்கினு வந்துகீறான்னு. நீ போனப்புறம் யோசிச்சுப் பாத்தேன். கேட்டுட்டுதான வாங்கினு வந்துகீற. நான் அழுதத கேட்டுட்டு உனுக்கு பேச முடியல. என் கையப் பாக்கக்கூட முடியல, வேற எங்கயோ பாத்துகினு வளவளன்னு பேசிகினு இருந்த. ஆனா ராடு மட்டும் நல்ல கைக்கு வாங்கியாந்துகீற. இத புடிக்கற அளவுக்கு நீ ஆவணும்டான்னு சொல்லாம சொல்லிட்டுப் போன. ஷமீமாகிட்ட சொன்னேன். குமாரு மட்டும்தான்டி என்ன நோயாளியா பாக்கலன்னு."

நான் தோளில் மாட்டியிருந்த குழாயை அப்போதுதான் கவனித்தான். "இது இன்னாது?"

கொடுக்காமல் இருந்திருக்கலாம். அக்காவுக்கு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அவனே பெரிய ராடைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் பிரித்துவிட்டான். ஒன்பது அடி ராடைப் பொருத்தி, நுனியைச் சுவரில் ஊன்றி அழுத்தினான். அடிவரைக்கும் வளைந்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இனிமே அவ்ளோதான்னு முடிவு பண்ணிட்டியா?" என்றான்.

"ஐயோ, இல்ல மச்சான்."

"அப்ப இது எதுக்கு? ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டத இப்ப எதுக்கு வாங்கினு வந்த?"

இந்த இடத்தில் பொய் சொல்லத் தெரிந்தவன் நல்லவன். கடையில் சும்மா கொடுத்தார்கள், இது உன் பிள்ளைகளுக்கு என்று சொல்லியிருப்பான். எனக்கோ இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்ததை இறக்கிவைத்தால் போதும் என்று இருந்தது. அதை எங்கே இறக்கிவைக்கிறேன் என்று பார்க்கவில்லை.

"நான் உன் வாய்ஸ் நோட்ட முழுசா கேக்கல, யூசுப். இப்ப ரெண்டு மாசம் முன்னாடிதான் கேட்டேன். உனக்கு உடம்பு சரியில்லாததே எனக்குத் தெரியாது."

"நீலமா ஆச்சேடா."

"கொஞ்சம் கேட்டேன்."

"எது வரைக்கும்?"

"ராடு வாங்கினு வான்னு சொன்ன வரைக்கும்."

அவன் விறைப்பான ராடை எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தான். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கப் போனேன். "வுடு" என்றான். எனக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். 'சாரி' என்ற சொல்லை இங்கே பஸ்ஸில் தோள் இடித்தால்கூடச் சொல்கிறேன். அன்று அது வாயில் வரவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. யூசுப் குரலைத் தாழ்த்தினான். "ஷமீமாகிட்ட சொல்லாத. அவ வேற மாதிரி நெனச்சுகினு கீறா."

ஷமீமா தட்டில் டீயும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக் கொண்டுவந்தாள். கீழே கிடந்த பெரிய ராடை எடுத்துத் துடைத்துச் சுவரில் பத்திரமாகச் சாய்த்தாள். "இத மட்டும் நீங்க கொண்டுவரலைன்னா இவர் படுத்த படுக்கைதான் அண்ணா. எங்க சொந்தக்காரங்க எல்லாம் வந்து பாவம் பாவம்னு அழுதுட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் தைரியம் குடுத்தீங்க. ஒவ்வொரு தொழுகைலயும் உங்களுக்காக துஆ கேக்கறேன்" என்றாள்.

யூசுப் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பாட்டிலைத் திறந்து தண்ணீரைக் குடித்தேன்.

9

சின்ன ராடை எடுத்துக்கொண்டு அவன் ஏரிக்குப் போகிறானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பெரிய ராடுக்கு வேலை வந்துவிட்டது, படத்தில்தான் பார்த்தேனே. விறைப்பான கம்பு மாங்காய் பறிக்க நல்லதுதான். கொக்கியைப் போட்டு இழுத்தால் வளையாது.

படத்தைப் பார்த்ததும் பதறிப்போய் அவனுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். இந்த ராடு கார்பனில் செய்தது, மின்சாரம் பாயும், பக்கத்தில் கரண்ட் கம்பி இருந்தால் கிட்டேகூடக் கொண்டுபோகக் கூடாது என்று. முப்பது வருட ஏசி மெக்கானிக்குக்குக் கரண்டைப் பற்றிப் பாடம். அவன் அனுப்பிய பதில்: "தெரியும்."

அன்றிரவே அவனுக்குப் போன் பண்ணினேன். மறுநாளும் பண்ணினேன். மணி அடித்து நின்றுவிட்டது. பிறகு ஒரு செய்தி வந்தது: "கடைல கீறேன். நல்லா கீறேன்."

இப்போதெல்லாம் அவன் வாய்ஸ் நோட் அனுப்புவதில்லை. டைப் பண்ணுகிறான். இரண்டு சொல், மூன்று சொல். அதற்குமேல் போவதில்லை. என்னால் எவ்வளவு கேட்க முடியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.